ஆல் வீல் டிரைவ் காரை டோ டாலியில் ஏற்றும் முன்

மிச்சிகனில் நோவை, கேன்டன் பக்கம் நம்மவர்கள் வீட்டு கராஜைத் திறந்து பார்த்தால் ஒரு காராவது ஆல் வீல் டிரைவாக இருக்கும், அதாவது இன்ஜின் சக்தி நான்கு சக்கரத்துக்கும் போகும் கார். பனிக்காலத்துக்கென்று வாங்கியது. வேலை டெக்சஸுக்கு மாறியதும் அந்தக் கார்தான் தலைவலி ஆகிறது. வீட்டுச் சாமானெல்லாம் வாடகை டிரக்கில் ஏறிவிடும். குடும்பம் விமானத்தில் போய்விடும். காரை மட்டும் என்ன செய்வது? டிரக்குக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதிலும் மலிவானது எது என்று பார்த்தால் டோ டாலி.

நான் கார் உதிரிபாகத் தொழிலில் இருப்பவன் என்பதால், வீடு மாறுகிறவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது வழக்கம். கேட்கிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: வாடகை கவுன்ட்டரில் "ஃப்ரன்ட் வீல் டிரைவா?" என்று கேட்டால் யோசிக்காமல் "ஆமாம்" என்று சொல்லாதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் உங்கள் பதிலைத்தான் எழுதிக்கொள்கிறார்கள். காருக்கு அடியில் குனிந்து யாரும் பார்ப்பதில்லை. ஒரே பெயரில் ஒரே மாடல் கார் இரண்டு விதமாகவும் விற்கப்படுகிறது. சிஆர்வி, ராவ்ஃபோர், சியன்னா எல்லாமே அப்படித்தான். கம்ப்யூட்டரில் மாடலைத் தட்டினால் "சரி" என்றே வரும். உங்கள் கராஜில் நிற்பது எந்த ரகம் என்பது அதற்குத் தெரியாது.

டாலி என்பது இரண்டு சக்கரம் வைத்த சின்ன டிரெய்லர். காரின் முன்சக்கரங்கள் அதன் மேல் ஏறி உட்காரும், பின்சக்கரங்கள் ரோட்டில் உருளும். ஃப்ரன்ட் வீல் டிரைவ் காருக்கு இது கச்சிதமான ஏற்பாடு. கியர்பாக்ஸோடு கோர்த்திருக்கும் சக்கரங்கள் மேலே போய்விட்டன. கீழே உருளும் இரண்டுக்கும் கியர்பாக்ஸோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டால் நாள் முழுக்க இழுக்கலாம்.

ஆல் வீல் டிரைவில் முன்னையும் பின்னையும் ஒரு நீண்ட தண்டு இணைக்கிறது. புரொபெல்லர் ஷாஃப்ட். பின்சக்கரம் ரோட்டில் உருண்டால் பின் டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) சுற்றும், அது ஷாஃப்டைச் சுற்றும், ஷாஃப்ட் போய் முன்னால் இருக்கும் கியர்பாக்ஸின் வாலைத் திருகும். முன்சக்கரங்களோ டாலியில் பட்டை போட்டுக் கட்டப்பட்டு அசையாமல் இருக்கின்றன. ஒரு முனை மணிக்கு 55 மைல் வேகத்துக்கு ஏற்றபடி சுற்றுகிறது, மறுமுனை நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எது மாட்டிக்கொண்டிருக்கிறதோ அது சாகும்.

என்ன மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது காருக்குக் கார் மாறும். பழைய சியன்னா ஆல் வீல் டிரைவ் மினிவேன்களில் விஸ்கஸ் கப்ளிங் இருந்தது. ஒரு மூடிய டப்பாவுக்குள் துளை போட்ட தட்டுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், சுற்றிலும் சிலிகான் திரவம். முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசம் வந்தால் தட்டுகள் திரவத்தைக் கடையும், சூடேறும், பிடிப்பு கூடும். அல்வா கிளறுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளறக் கிளறக் கரண்டி கனப்பது போலத்தான். பனியில் ஒரு சக்கரம் வழுக்கும் சில நொடிகளுக்காகச் செய்த சாதனம் அது. டாலியில் அதற்கு மணிக்கணக்கில் ஓய்வே கிடையாது. சூடு எல்லை தாண்டினால் உள்ளே தட்டுகள் ஒட்டிக்கொண்டு இறுகிவிடும்.

இப்போதைய ஆட்டோமேட்டிக் சுபாருகளில் கியர்பாக்ஸின் வால்பகுதியில் பல தட்டு கிளட்ச் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு எண்ணெய் அழுத்தம் கொடுத்து அதைப் பிடிக்க வைப்பார்கள். இன்ஜின் ஓடவில்லையென்றால் அழுத்தம் இல்லை, எனவே கிளட்ச் பிடிக்காது, பிறகென்ன பயம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பாதி சரி. அந்த எண்ணெயை அனுப்பும் பம்ப் இன்ஜினால் சுற்றுவது. இன்ஜின் நின்றால் பிடிப்பும் இல்லை, உயவும் இல்லை. நூற்றுக்கணக்கான மைல்கள் காய்ந்த தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகும். பழைய ஆட்டோமேட்டிக் சுபாருகளில் பானெட்டுக்குக் கீழே ஒரு ஃபியூஸ் சொருகினால் பின்சக்கரங்களுக்குச் சக்தி போவது நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது தற்காலிக ஸ்பேர் டயர் போட்டு ஓட்டும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்காக வைத்தது. டாலியில் இழுப்பதற்கான அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கியர்பாக்ஸ் போனால் பணம்தான் போகும். இதைவிட மோசமான ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் இணைப்பு இறுகிவிட்டால், பின்சக்கரத்தின் சுற்று முன்சக்கரத்துக்கும் போய்ச் சேரும். ஓடும் டிரக்கின் பின்னால் கட்டியிருக்கும் கார், தன் முன்சக்கரத்தைத் தானே சுழற்றி டாலியை விட்டு ஏறி வெளியேறப் பார்க்கும். சுபாருவின் உரிமையாளர் கையேட்டில், இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தால், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் சென்டர் டிஃபரன்ஷியலின் காரணமாக வண்டி துள்ளி விலகிப் போய்விடும் என்று எச்சரிக்கையே போட்டிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவரை நினைத்துப் பாருங்கள்.

சரி, நம் கார் எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம், பழைய கார் வாங்கியவர்களுக்கு அது கழன்று போயிருக்கும். தரையில் ஒரு அட்டையைப் போட்டுப் படுத்து, பின்சக்கரங்களுக்கு நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பூசணிக்காய் அளவில் ஒரு இரும்புக் கூடும், அதிலிருந்து முன்னோக்கி ஒரு தண்டும் போனால் உங்களுடையது ஆல் வீல் டிரைவ். ஃப்ரன்ட் வீல் டிரைவ் காரில் அந்த இடத்தில் சைலன்சர் குழாயைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். ராவ்ஃபோர் ஹைபிரிட் ஆல் வீல் டிரைவில் தண்டே கிடையாது. பின்சக்கரங்களுக்கென்று தனியாக ஒரு மின்மோட்டார் வைத்திருக்கிறார்கள். தண்டு இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று முடிவு கட்டினால் போச்சு. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும். காந்தம் வைத்த மோட்டாரைச் சுற்றினால் அது டைனமோதான். மின்சாரம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். டெஸ்லாவும் இதே காரணத்தால்தான் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்கிறது. இந்த ரகத்தில் கழற்றிவிட்டு இழுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜீப் ராங்ளர் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி குழம்புவார்கள். மோட்டார் ஹோம்களின் பின்னால் ராங்ளரை நான்கு சக்கரமும் ரோட்டில் உருள இழுத்துப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான்கும் உருளும்போதே ஒன்றும் ஆகவில்லையே, இரண்டைத் தூக்கினால் இன்னும் நல்லதுதானே? இல்லை. கியர்பாக்ஸின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டால் முன் தண்டும் பின் தண்டும் கியர்பாக்ஸிலிருந்து விடுபடுகின்றன, நான்கு சக்கரமும் ஒரே வேகத்தில் உருள்வதால் ஒன்றையொன்று எதிர்ப்பதும் இல்லை. ராங்ளரின் கையேடு நான்கும் கீழே, அல்லது நான்கும் மேலே, இரண்டில் ஒன்று என்கிறது. ஃபோர் வீல் டிரைவ் ராங்ளரை டாலியில் இழுக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. பாதியைத் தூக்கினால் பாதி பாதுகாப்பு என்ற கணக்கு இந்த வண்டிகளில் செல்லாது.

இவ்வளவையும் நான் விளக்கிச் சொன்னது தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு. கூட வேலை பார்த்தவர், டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் புது வேலை. வீட்டில் இருந்தது 2013 சிஆர்வி, ஆல் வீல் டிரைவ். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, டாலிக்கு அட்வான்ஸ் கட்டியாச்சே" என்றார்.

இருந்த வழிகளை உட்கார்ந்து அலசினோம். முதல் வழி, கார் ஏற்றிச் செல்லும் கேரியர் லாரியில் அனுப்புவது. வசதியானதுதான், ஆனால் மாதக் கடைசியில் எந்த நாள் வந்து எடுப்பார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார்கள், வீட்டைக் காலி செய்யும் தேதியோ நகராது. இரண்டாவது, நான்கு சக்கரமும் ஏறும் ஆட்டோ டிரான்ஸ்போர்ட் டிரெய்லர். என்னைக் கேட்டால் ஆல் வீல் டிரைவுக்குச் சரியான பதில் இதுதான். கார் முழுசாக மேலே ஏறிவிடும், எதுவும் சுற்றாது, எதையும் கழற்ற வேண்டாம். டிரக் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுமல்லவா, அந்தத் தள்ளலை வைத்தே தன் பிரேக்கைத் தானே போட்டுக்கொள்ளும் ஹைட்ராலிக் ஏற்பாடும் அதில் இருக்கிறது. ஒரே குறை எடை. டிரெய்லர் மட்டும் 2,200 பவுண்டு, மேலே 3,500 பவுண்டு கார் என்றால், சின்ன டிரக் வாடகைக்கு எடுத்தவர் அதன் இழுவை வரம்பைப் பார்த்தாக வேண்டும். எங்களுக்கு வரம்பு பிரச்சினையாக இல்லை. அந்த வாரக் கடைசியில் சுற்றுவட்டாரத்தில் எங்குமே டிரெய்லர் கையிருப்பில் இல்லை.

மூன்றாவது வழி ஷாஃப்டைக் கழற்றுவது. வாடகைக் கடையின் வழிமுறைத் தாளிலேயே பின்சக்கரம் இழுக்கும் கார்களுக்கும் ஆல் வீல் டிரைவுக்கும் இந்த நிபந்தனை இருந்தது. ஷாஃப்ட் இல்லாவிட்டால் பின்சக்கரத்தோடு பின் டிஃபரன்ஷியல் மட்டும் சுற்றும். அதற்குச் சொந்த எண்ணெய் இருக்கிறது, பல்சக்கரம் சுற்றும்போதே தெறித்து நனைத்துக்கொள்ளும். ஹோண்டா கையேடு பொதுவாக நான்கு சக்கரமும் தூக்கச் சொல்கிறது. அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையான இணைப்பையே எடுத்துவிடுகிறோம் என்பதால் இந்த வழிக்கு நான் தலையாட்டினேன். எல்லாக் காருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுபாருவில் ஷாஃப்டின் முன்முனை கியர்பாக்ஸுக்குள் சொருகியிருக்கும். உருவினால் எண்ணெய் கொட்டும், அந்த ஓட்டையை அடைக்க மூடி வேண்டும். சிஆர்வியில் இரண்டு முனையும் தட்டோடு தட்டாக போல்ட் போட்டு இணைத்தவை, சொட்டு எண்ணெய் வராது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். கார் தூக்கியில் ஏறியதும் அவர் டார்ச்சை அடித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மிச்சிகன் ரோட்டில் பனிக்காலம் முழுக்க உப்பு கொட்டுகிறார்கள். ஷாஃப்டின் நடு பேரிங்கைத் தாங்கும் போல்ட்டுகள் தலை தெரியாமல் துருவேறி, இரும்பும் துருவும் ஒரே கட்டியாக நின்றன. துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டார். பிறகு நெருப்பு காட்டினார். ஒரு போல்ட் "டக்"கென்று முறிந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் டப்பாவில் போட்டார். டெக்சஸிலோ கலிஃபோர்னியாவிலோ இதே வேலை சீக்கிரம் முடியும். உப்பு மாநிலத்துக் கார் என்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே கழற்றிப் பார்த்துவிடுங்கள், புது போல்ட்டும் அப்போதே வாங்கிவிடலாம்.

கழற்றுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம் முக்கியம். வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஷாஃப்டின் தட்டிலும் அது சேரும் தட்டிலும் குறுக்கே ஒரே கோடாக இழுத்தார். முன்முனையில் ஒரு கோடு, பின்முனையில் இரண்டு. ஷாஃப்டைத் தயாரிக்கும்போதே சமன் பார்த்துத்தான் மாட்டுகிறார்கள். திரும்ப மாட்டும்போது கால் சுற்று தள்ளி மாட்டினாலும் நெடுஞ்சாலை வேகத்தில் காரின் தரை அதிர ஆரம்பிக்கும். போல்ட்டுகளை முனைவாரியாகத் தனித்தனி ஜிப்லாக் பையில் போட்டு எழுதி வைத்தோம். ஷாஃப்டைப் பழைய போர்வையில் சுற்றி டிரக்கில் மெத்தைக்கு மேல் படுக்கவைத்தோம். நடுவில் மூட்டு உள்ள நீளத் தண்டு அது, ஒருவரே தூக்கினால் மடங்கி மூட்டில் அடிபடும். இரண்டு பேர் பிடித்துக்கொள்வது நல்லது.

ஷாஃப்ட் இல்லாமல் சிஆர்வி முன்சக்கரத்தின் பலத்தில் தானே ஓடும், டாலியில் ஏற்ற அது போதும். டாஷ்போர்டில் ஏதாவது எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பதற வேண்டாம்.

ஏற்றுகிற நாளன்று தம்பியின் மனைவி காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கிரைண்டர், பூஜைச் சாமான், இரண்டு மூட்டை அரிசி. "கார் சும்மாதானே போகுது அண்ணா?" சும்மா போகவில்லை. டாலிக்கென்று ஒரு எடை வரம்பு இருக்கிறது, அது காலிக் காருக்கானது. அது மட்டுமல்ல, பின்பக்கம் கனமான கார் டாலியில் வாலாட்டும். கிரைண்டரை இறக்கி டிரக்கில் முன்பக்கமாக ஏற்ற வைத்தேன். அவர் முகம் கொஞ்ச நேரம் சரியில்லை.

டாலியை மாட்டும்போது பார்க்க வேண்டியவை எல்லாருக்கும் தெரிந்தவைதான், ஆனால் அவசரத்தில் விடுபடுபவையும் அவைதான். டிரக்கின் பின்னால் இருக்கும் உருண்டையான ஹிட்ச் பாலின் அளவும், அதைக் கவ்விப் பூட்டும் டாலியின் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பால் மேலேயே அளவு பொறித்திருக்கும். பூட்டிய பிறகு டாலியின் கழுத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், கழன்று வரக் கூடாது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றாலும் கழுத்து ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி மேல் விழும். விளக்குகளை ஒருவர் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கட்டும்.

காரை ஏற்ற டிரக்கும் டாலியும் காரும் ஒரே நேர்கோட்டில், சமதரையில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டு டிரைவ்வே சரிவு என்பதால் பள்ளிக்கூடத்துக் காலி மைதானத்துக்குப் போனோம். தம்பி ஸ்டீயரிங்கில், நான் பக்கவாட்டில் நின்று கைகாட்டினேன். டயர், டாலியில் அது உட்காரும் தட்டின் முன் தடுப்பைத் தொட்டதும் காரின் மூக்கு லேசாக ஒரு குனி குனிந்து நிமிரும், அங்கேயே நிறுத்தி பார்க்கில் போட வேண்டும். இப்போது பார்க்கிங் பிரேக்கையும் போட்டு வையுங்கள், டயரில் பட்டை இறுகும் வரைக்கும். வலைப்பட்டையை டயரின் மேல் நடுவாக விரித்து, ராட்செட்டை இழுத்து இழுத்து, இனி ஒரு பல் கூட நகராது என்கிற வரை முறுக்கினோம். பட்டையை விரலால் சுண்டினால் தொய்வாக அசையக் கூடாது. இரண்டு பக்கமும் முடிந்து, காருக்கான சங்கிலியும் மாட்டிய பிறகுதான் பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும்.

அந்த விடுவிப்பை மறந்தவர்கள் கதை நிறைய இருக்கிறது. பின்சக்கரம் சுற்றாமல் இழுபட்டு டயர் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேயும், பிரேக் புகையும். பட்டன் வைத்த மின் பார்க்கிங் பிரேக் உள்ள புதுக் கார்களில் இன்னும் நுணுக்கம்: சில கார்களில் இன்ஜினை அணைத்தவுடன் பிரேக் தானே போட்டுக்கொள்ளும். அதை நிறுத்தி வைக்கும் வழி கையேட்டில் இருக்கும், வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகிவிடுங்கள். கடைசியில் டிரக்கைப் பத்தடி நகர்த்தி, பின்சக்கரம் இரண்டும் உருளுகின்றனவா என்று ஒருவர் கீழே குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங் பூட்டு பற்றி ஒரே விடை இல்லை. சக்கரத் தட்டு தானே திரும்பும் டாலி என்றால் ஸ்டீயரிங் நேராகப் பூட்டியிருக்க வேண்டும். வேறு வடிவமைப்பு என்றால் விதியும் வேறு. டாலியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதைச் செய்யுங்கள்.

கிளம்பிச் சில மைல்களில் முதல் நிறுத்தம். டயர் தட்டில் நன்றாக அமர்ந்த பிறகு பட்டை கண்டிப்பாகத் தளரும். எங்களுக்கும் இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு பல் கூடுதலாக இறுக்க இடம் கிடைத்தது. அதன்பின் பெட்ரோலுக்கு நின்ற ஒவ்வொரு இடத்திலும் பட்டை, சங்கிலி, கப்ளர், பின் டயர் என்று ஒரு சுற்று. வீல் நடுவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் ஒட்டுகிறது என்று பொருள்.

டாலியில் கார் இருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே முடியாது. டிரக்குக்கும் டாலிக்கும் இடையே ஒரு மூட்டு, டாலிக்கும் காருக்கும் இடையே இன்னொரு மூட்டு. பின்னால் தள்ளினால் இரண்டும் இரண்டு திசையில் மடங்கும், எத்தனை வருஷம் லாரி ஓட்டியவராக இருந்தாலும் நேராக்க முடியாது. மாட்டிக்கொண்டால் காரை இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால் எங்கே நுழைகிறோம் என்பதைவிட எங்கே வெளியேறுவோம் என்பதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு இடத்திலும் திரும்ப வேண்டியிருந்தது. பெட்ரோலுக்குப் பெரிய லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்கள்தான். மோட்டலில் அறை எடுக்கும்போதே லாரி நிறுத்த இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டோம். கென்டக்கியில் காபிக்காக டிரைவ் த்ரூ பக்கம் தம்பி இண்டிகேட்டர் போட்டார். நான் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவர் மைத்துனர் எழுந்துவிட்டார். வளைவு ஒடுக்கமாக இருந்தால் காரின் பக்கம் டாலியின் மட்கார்டில் இடிக்கும், கூரையும் உயரம் பத்தாது.

வேகம் 55 மைல்தான் என்று டாலியிலேயே எழுதியிருந்தது. 70 மைல் வரம்புள்ள ரோட்டில் 55 என்பது வலது ஓரத்து வாழ்க்கை. ஆகவே மேப் காட்டும் பயண நேரத்தை நம்பி ஓட்டல் பதிவு செய்யாதீர்கள். டெட்ராய்ட் வட்டாரத்திலிருந்து டாலஸ் சுமார் 1,200 மைல். மேப் கார்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் கணக்குப் போடுகிறது. நாங்கள் போன வழி டொலிடோ, சின்சினாட்டி, லூயிவில், நாஷ்வில், மெம்ஃபிஸ், லிட்டில் ராக். சின்சினாட்டியில் ஒஹையோ ஆற்றைத் தாண்டியதும் கென்டக்கிப் பக்கம் நல்ல ஏற்றம். ஏற்றத்தில் ஒன்றும் ஆகாது, டிரக் முக்கிக்கொண்டு ஏறிவிடும். கவனம் வேண்டியது இறக்கத்தில்தான். பின்னால் இருக்கும் எடை தள்ளிக்கொண்டே வரும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து இன்ஜினைக் கொண்டு இழுத்துப் பிடிக்க வேண்டும்.

மெம்ஃபிஸ் தாண்டி லிட்டில் ராக் வரை ஐ-40 நெடுஞ்சாலையில் லாரிகளின் ஊர்வலம். ஒவ்வொரு பெரிய லாரியும் கடக்கும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், பிறகு உள்ளே உறிஞ்சும். கண்ணாடியில் பார்த்தால் சிஆர்வியின் பின்பகுதி லேசாக அசைவது தெரிந்தது. வாலாட்டம் தொடங்கிவிட்டால் பிரேக்கை மிதிக்கக் கூடாது, எதிர்த்திசையில் ஸ்டீயரிங்கை வெட்டவும் கூடாது, வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்கவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் தானே அடங்கும். கேட்க எளிது, அந்தக் கணத்தில் வலது கால் பிரேக்குக்குப் போகத் துடிக்கும். தம்பியிடம் ஓட்டக் கொடுக்கும்போது இதை மட்டும் வாய்விட்டு ஒப்பிக்கச் சொன்னேன், சொன்னார்.

ஃபிரிஸ்கோவில் காரை இறக்கியதும், ஷாஃப்டை உடனே மாட்ட வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை. அங்கே பனியும் இல்லை. தம்பி ஒரு வாரம் ஃப்ரன்ட் வீல் டிரைவாகவே ஓட்டிவிட்டு, பிறகு மெக்கானிக்கிடம் போய் வெள்ளைக் கோடுகளைப் பொருத்தி, புது போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கச் சொன்னார். கழற்றிய கூலி, மாட்டிய கூலி, போல்ட் விலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நான்கு சக்கர டிரெய்லருக்கும் டாலிக்கும் உள்ள வாடகை வித்தியாசத்தைத் தாண்டிவிட்டது. டிரெய்லர் கிடைக்கும் நிலையில் இருப்பவர்கள் டாலியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அப்புறம், வாடகை டிரக் ஓட்டும்போதும் இழுபடும் காருக்கும் உங்கள் கார் இன்சூரன்ஸ் எதைக் கவனிக்கும், எதைக் கைவிடும் என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். பெரிய வாடகை டிரக்குகளைப் பெரும்பாலான கார் பாலிசிகள் சேர்ப்பதில்லை.

வீடு மாறாதவர்களுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. நடுரோட்டில் கார் நின்று டோ வண்டியைக் கூப்பிடும்போது நிலைமை இதேதான். முன்சக்கரத்தை மட்டும் கவ்வித் தூக்கும் வண்டியை அனுப்பிவிடுவார்கள். போனிலேயே "ஆல் வீல் டிரைவ், பிளாட் பெட் வேண்டும்" என்று, அதாவது காரை முழுசாக மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டையான லாரி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், வந்த டிரைவரிடமும் இன்னொரு முறை சொல்லுங்கள். பார்க்கிங் கட்டடம் மாதிரி பிளாட் பெட் நுழைய முடியாத இடம் என்றால், கவ்வும் வண்டியே பின்சக்கரங்களுக்கு அடியில் சின்ன உருளைச் சட்டம் ஒன்றைக் கொடுத்துத் தூக்கலாம். அதை அவர் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்று சொன்னால், எவ்வளவு குளிராக இருந்தாலும், அடுத்த வண்டி வரும் வரை காத்திருங்கள்.